மங்கல் பக்கத்தோடு மங்கல் பக்கம்

அவரை எல்லோரும் அடுக்கு என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டுமே புழங்கியது. அங்கேயும் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் கூப்பிடுவது தன்னை என்று அவருக்கு உறைக்கும். போட்டோக் கடையின் பின்னறையில் இரண்டு நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்கேனரில் வைத்து, ஒரே படமாக எடுப்பது அவர் வேலை. மீன்தொட்டி விற்கும் கடைக்கும் பல் டாக்டரின் அறைக்கும் நடுவில் இருந்தது கடை. ஒரு சுவர் வழியாகத் தண்ணீர் குமிழ் விடும் சத்தம் வரும்; இன்னொரு சுவர் வழியாகப் பல் குடையும் சத்தம் வரும். இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அமைதியான மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். இருட்டாக இருந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். வெளிச்சம் பட்ட முகம் கறுப்பாக இருக்கும். ஆகவே இருட்டுப் பின்னணியில் எடுத்த இரண்டு படங்களை அடுக்கினால், ஒருவருக்குப் பக்கத்திலிருக்கும் இருட்டில் மற்றவர் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் தோளோடு தோள் நிற்பார்கள்.

"வெளிச்சத்துல எடுத்த படத்தக் கொண்டு வராதீங்க. அது யாருக்கும் எடம் குடுக்காது. இருட்டுதான் எடம் குடுக்கும்" என்பார் வருகிறவர்களிடம். தத்துவம் பேசுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். அவர் நெகட்டிவைத்தான் சொன்னார்.

செத்துப்போன அப்பாக்களைப் பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பத்து வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பியை ஒரே பெஞ்சில் சேர்த்தார். படத்தை வாங்கிப்போகத் தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஓர் அம்மாள் தன் மறைந்த கணவரோடு சேர்த்து எடுத்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி வைங்களேன். உயிரோட இருந்தப்பவே அவரு இவ்வளவு பக்கத்துல நின்னதில்ல" என்றாள். தள்ளி வைத்தார். பொய்யை அளவாகச் செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு அபிப்பிராய பேதமில்லை.

ஆனால் கம்ப்யூட்டரில் செய்ய மாட்டார். இரண்டு படத்தையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, வெட்டி ஒட்டினால் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும் வேலைக்கு இவர் அரை நாள் எடுப்பார். கடைக்காரம்மா, புருஷன் போனபின் கடையை எடுத்து நடத்துகிற நாற்பது வயதுக்காரி, தலைதலையாய் அடித்துக்கொள்வாள்.

"ஏண்ணே, ரெண்டும் பொய்தான? அதுல என்ன உங்க பொய்க்கு மட்டும் மரியாத?"

"அதுல நீங்க கொண்டுவந்து ஒட்டறீங்கம்மா. இதுல ஒரே வெளிச்சம் ரெண்டு பேரையும் தாண்டிப் போவுது. ஒரே நேரத்துல. அந்த ஒரு நொடி அவங்க சேர்ந்துதான் இருந்தாங்க. அது பொய்யில்ல."

"ஸ்கேனருக்குள்ள."

"ஸ்கேனருக்குள்ளதான். வேற எங்க கெடைக்குது?"

ஊரிலுள்ள குடும்பங்களையெல்லாம் சேர்த்துவைத்த மனிதரின் வீட்டுச் சுவரில் ஒரு படம் கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது, காரணகர்த்தாவும் அவரேதான்.

அவருக்கு முதலில் ஒரு பெண் குழந்தை. ஆறு வயதில், முன்பல் ஒன்று விழுந்து அடுத்தது முளைப்பதற்குள், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் மனைவி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை, தலை வாரவில்லை, படங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளைக்கு அதைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள் என்றார் டாக்டர். அடுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். ஆல்பத்தைக் கடைக்குக் கொண்டுபோய், பிரிண்டுகளையும் நெகட்டிவ்களையும் ஒன்றுவிடாமல் நறுக்கி, டார்க்ரூம் தொட்டியில் எரித்தார். டாக்டர் சொன்னது எடுத்து வைக்க. அந்த வித்தியாசம் அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அவள் எழுந்து, முகம் கழுவி, சமைத்து, சாப்பிட்டு முடித்து, "இப்ப குடுங்க" என்று கை நீட்டியபோது.

அன்றைக்கு அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "சரி" என்றாள். அந்தச் சரியைக் கேட்டவர் இருபத்தாறு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினார்.

இரண்டு வருஷத்தில் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு ஐந்து வயதாகும்போது, யாரும் வாங்கிப்போகாத பழைய நெகட்டிவ் கட்டுகளைக் கழித்துக்கொண்டிருந்த அடுக்கின் கையில் ஒரு துண்டு அகப்பட்டது. யாரோ ஒருவருக்கு அடையாள அட்டைக்குப் படம் எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள். கடைசியில் ஒரு ஃபிரேம் மிஞ்சினால் கண்ணில் படுவதை எடுத்துச் சுருளை முடித்துவிடுவது ஸ்டூடியோ வழக்கம். கண்ணில் பட்டது அவருடைய மகள். கடையின் இருட்டான கதவுக்கு முன்னால் நின்று, தெருவைப் பார்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவ் ஆகையால் முகம் கறுப்பு, பல் கறுப்பு, விழுந்த பல்லின் இடம் வெள்ளை. முடி முழுக்க நரைத்த மாதிரி. ஒரு கிழவியின் தலையோடு ஆறு வயதுக் குழந்தை.

வீட்டில் சொல்லவில்லை. மறுபடி ஆல்பம், மறுபடி மடி, மறுபடி அடுப்பு அணைவது என்று அவருக்கு வரிசையாகத் தோன்றியது. பிரிண்ட் போட்டால் யார் கண்ணிலாவது படும். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மீன்தொட்டிக் கடைச் சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில், பின்னால் தள்ளி வைத்தார். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள், சுவர் எப்போதும் ஈரமாயிருக்கும் என்பதனால். வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்ப்பார், திருப்பி வைப்பார். பத்தொன்பது வருஷம் மகளை அவர் வெள்ளை முடியோடேயே பார்த்தார்.

இப்படியே போயிருக்கும். மனைவியின் கண் போக ஆரம்பித்தது.

கண்ணுக்குப் பின்னாலிருக்கும் நரம்பு வாடுகிறது என்றார்கள். ஓரங்கள் முதலில் போயின. பக்கத்தில் வருகிறவர் மோதிய பிறகுதான் தெரிவார். கடைசியில் நடுவில் சாவித் துவாரம் அளவுக்கு மட்டும் பார்வை மிஞ்சியது. அதற்கும் மூன்று மாதம், அதிகம் போனால் நான்கு என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"ஏங்க, அவ மொகம் எப்படி இருக்கும்?"

"யாரு?"

"யாருன்னு கேக்கறீங்க பாத்தீங்களா. எனக்கு முடி நெனப்பு இருக்கு, கை நெனப்பு இருக்கு. மொகம் வரமாட்டேங்குது. இவன் மொகம் வந்து மேல உக்காந்துக்குது. கண்ணு போறதுக்குள்ள ஒருக்கா வந்துருச்சுன்னா, அப்புறம் இருட்டுல வெச்சுப் பாத்துக்குவேன்."

அடுக்கு மாத்திரைச் சீட்டை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு சொன்னார். ஒன்று இருக்கிறது என்றார். எவ்வளவு நாளாக என்று அவள் கேட்டாள், அதையும் சொன்னார்.

அவள் ரொம்ப நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சாவித் துவாரம் அளவுக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பத்தொம்போது வருஷம்" என்றாள். "நல்லா பத்திரமாத்தான் வெச்சிருந்திருக்கீங்க."

அதற்கப்புறம் ஒன்று சொன்னாள்: "ஊரையெல்லாம் சேத்து வெச்சீங்கல்ல. எம் புள்ளைங்க ரெண்டையும் சேத்துக் காட்டுங்க. ஒரு தடவ. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கற மாதிரி."

பையனின் ஆறு வயது நெகட்டிவ் ஒன்று வீட்டில் இருந்தது. பள்ளிக்கூட விண்ணப்பத்துக்காகக் கறுப்புத் திரை முன்னால் எடுத்தது; அவன் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துத் திரும்பியதால் கழித்துக் கட்டியது. இருட்டுக் கதவு, கறுப்புத் திரை: அடுக்குவதற்கென்றே எடுத்தாற்போல இரண்டும் பொருந்தின. ஒரே ஒரு சங்கடம். இரண்டு பேரும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் எதிரெதிரே பார்க்க வேண்டுமானால் ஒன்றைப் புரட்டிப் போட வேண்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். படம் இருப்பது மங்கல் பக்கத்தில், மெல்லிய பசைப் பூச்சில். அடுக்கும்போது ஒன்றின் மங்கல் இன்னொன்றின் பளபளப்பின்மேல் வர வேண்டும். ஒன்றைப் புரட்டினால் மங்கலும் மங்கலும் முகத்தோடு முகம் படும். வெயில் காலத்தில் பரவாயில்லை. மழைக்காலத்தில் பசையும் பசையும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம். முப்பது வருஷத்தில் ஒரு மழைக்காலத்திலும் அடுக்கு அதைச் செய்ததில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அது நல்ல மழைக்காலம்.

"தனியா ஒரு ஸ்கேன் எடுத்து வெச்சுக்கங்கண்ணே மொதல்ல" என்றாள் கடைக்காரம்மா. "ஒண்ணே ஒண்ணு இருக்கற பொருளு. அஞ்சு நிமிஷ வேல."

"வேணாம்மா. அவதான் மொதல்ல பாக்கணும். அவ பாக்கறதுக்கு முந்தி அது கம்ப்யூட்டருக்குள்ள போயி உக்காரக் கூடாது."

"அப்ப அவங்க வந்தப்புறம் அடுக்குங்க."

"சரிபாத்து வெக்கணும்ல. வந்து உக்காந்தப்புறம் தடவிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

வாதத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. நிதானமாகப் பேசுவார், அதனால் சரியாகப் பேசுவது போலிருக்கும்.

மூன்று மணிக்கு மகன் அம்மாவை அழைத்துவருவதாக ஏற்பாடு. இரண்டு மணிக்கே அடுக்கு டப்பாவைத் திறந்தார். மகளின் ஃபிலிமின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. பஞ்சால் லேசாகத் துடைத்தார். கண்ணாடிமேல் அவளை வைத்தார். அவள்மேல் பையனைப் புரட்டி வைத்தார். நகர்த்தி நகர்த்தி, திரையின் இருட்டில் அவளும் கதவின் இருட்டில் அவனுமாக நிறுத்தினார். தூசி போகவும் ஃபிலிம் சமமாகப் படியவும் இடையில் லேசாக ஒரு ஊது ஊதுவது அவர் பழக்கம், ஊதினார். மேலே கனமான கண்ணாடியை வைத்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, மூடியைச் சாத்தி, முன்னோட்டம் பார்க்கும் பொத்தானை அழுத்தினார். மூடிக்குள் வெளிச்சக் கம்பி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்தது.

திரையில் இரண்டு பேரும் வந்தார்கள்.

முடி கறுப்பாக இருந்தது. அதுதான் முதலில் அவருக்குப் பட்டது. வலப்பக்கம் அவள், விழுந்த பல்லின் ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டு. இடப்பக்கம் அவன், என்ன சிரிப்பு என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு. இரண்டு மங்கல் பக்கமும் ஒன்றையொன்று தொட்டதில் இரண்டு முகமும் ஒரே கூர்மையில் விழுந்திருந்தன. தொழிலில் அவர் செய்ததிலேயே சிறந்தது அதுதான். முன்னோட்டம் சேமிக்கப்படாது, வெறும் பார்வைக்குத்தான். சேமிக்கும் ஸ்கேனை மனைவி வந்து உட்கார்ந்த பிறகு, அந்த வெளிச்சம் நகர்வதை அவள் பார்க்கும்படி எடுக்க நினைத்தார்.

மூன்றுக்கு வரவில்லை. மழையில் பஸ் எங்கோ நின்றுவிட்டது என்று மகன் போன் செய்தான். மூன்றரை. நாலு. ஸ்கேனரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, மூடி வெதுவெதுப்பாகியிருந்தது. அடுக்கு நாற்காலியை விட்டு நகரவில்லை. நாலே காலுக்குக் கரண்ட் போயிற்று. திரையும் போயிற்று.

கரண்ட் வந்தபோது மறுபடி முன்னோட்டம் பார்த்தார். இரண்டு முகத்தின்மேலும் ஈரம் பரவிய மாதிரி திட்டுத் திட்டாக, பளபளவென்று ஒரு கறை. மூடியைத் திறந்து, டேப்பை உரித்து, கண்ணாடியை எடுத்தார். ஃபிலிம் இரண்டும் ஒன்றாக வந்தன.

இப்படி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டால் பசை தளர்ந்து தானாகப் பிரியும். பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பூஞ்சை பிடித்த ஃபிலிமைத் தண்ணீரில் போடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். பூஞ்சை தின்ற பசை தண்ணீரில் கரைந்துவிடும். சிலந்தி நூல் போலிருந்த பூஞ்சையைத் துடைத்தது இரண்டு மணிக்கு. மகன் போன் செய்து, தெருமுனைக்கு வந்துவிட்டோம், அம்மா மெதுவாக நடக்கிறாள் என்றது இப்போது. தெரிந்த இரண்டு விஷயங்களில் ஒன்றுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றினார்.

கடைக்காரம்மா எட்டிப் பார்க்கையில் அவர் தட்டுக்குமேல் குனிந்திருந்தார். ஃபிலிம் இரண்டும் அழகாகப் பிரிந்திருந்தன. ஒன்றில் பையன் இருந்தான். மற்றது சுத்தமான கண்ணாடித் துண்டு போலிருந்தது. தண்ணீரில் சாம்பல் நிறத்தில் ஏதோ இழை இழையாக மிதந்தது. அவர் ஒரு விரலால் அதை ஓரத்துக்கு ஒதுக்கப் பார்த்தார். விரல் பட்டதும் அதுவும் கலைந்தது.

"அண்ணே."

"ம்."

"அண்ணே, கைய எடுங்க."

எடுத்தார். பிறகு அவர் சொன்னார்: "நீங்க செஞ்சு குடுங்கம்மா. உங்க பொய்."

"என்னத்த வெச்சு?"

"இவன வெச்சு."

கடைக்காரம்மா ஹேர் டிரையரை எடுத்துப் பையனின் ஃபிலிமை உலர்த்தி, ஸ்கேன் செய்து, ஒரு பிரதி எடுத்துப் புரட்டி எதிரே நிறுத்தினாள். வலப்பக்கத்து முகத்துக்குக் காது மறையும்படி முடியை இழுத்துவிட்டாள். சட்டைக் காலரை இருட்டில் கரைத்தாள். சொன்னபடி பத்து நிமிஷம். இரண்டு முகங்களுக்கும் நடுவே, கன்னத்தை ஒட்டினாற்போல், புகை மாதிரி ஒரு மங்கல் இருந்தது. அவள் துடைக்கப் போனாள்.

"அத விடுங்க" என்றார் அடுக்கு. "அது அவ."

மகளின் பூச்சில் கொஞ்சம் தம்பியின் ஃபிலிமோடு ஒட்டி வந்திருந்தது. மிஞ்சியது அவ்வளவுதான்.

மனைவி வந்து, நனைந்த செருப்பை வாசலில் விட்டு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மகன் திரையைப் பார்த்தான். அவனுக்கு ஒரு நொடிதான் பிடித்தது.

"அப்பா, இது ரெண்டும்..."

அடுக்கு அவனைப் பார்த்தார். மகன் கைக்குட்டையை எடுத்து, காய்ந்துபோயிருந்த தலையைத் துவட்ட ஆரம்பித்தான்.

"எந்தப் பக்கம் அவ?"

"வலது."

சாவித் துவாரத்தில் ஒரு முகம்தான் ஒரு நேரத்தில் அடங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளால் முடியாது என்பது, இரண்டையும் சேர்ப்பதற்காக எல்லாவற்றையும் தொலைத்த மனிதருக்கு அப்போதுதான் தோன்றியது. அவள் தலையை மெல்ல நகர்த்தி, இடப்பக்கம் பார்த்தாள். "ஒல்லிக்குச்சி" என்று மகனைச் சொன்னாள். வலப்பக்கம் வந்தாள். அங்கே நின்றாள். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள், பின்னால் இழுத்தாள், மறுபடி கொண்டுபோனாள்.

"வாய மூடிக்கிட்டு இருக்காளே."

"ஆமா" என்றார் அடுக்கு.

"அவ வாய மூடி நான் பாத்ததே இல்ல."

பக்கத்துக் கடையில் தண்ணீர் குமிழ் விட்டது. அவள் தலை மறுபடி நகர்ந்தது. இரண்டு முகங்களுக்கும் நடுவில் வந்து நின்றது.

"இதென்ன, பொகை மாதிரி?"

பதில் சொல்ல அவருக்குத் தயாராகப் பல பொய்கள் இருந்தன: தூசி, மழை ஈரம், ஸ்கேனர் கண்ணாடி. ஒன்றும் வாயில் வரவில்லை. கடைக்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவி காத்திருந்தாள். அப்புறம், "சரி" என்றாள். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அதே சரி. "பெருசா பிரிண்ட் போடுங்க."

படம் இப்போது வீட்டுச் சுவரில், அவள் நாற்காலிக்கு நேராக இருக்கிறது. வருகிறவர்கள், இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்கிறார்கள். மகன் அந்த அறையில் சாப்பிடுவதில்லை. அடுக்கு வேலையை விட்டுவிடவில்லை. ஆனால் அடுக்குவதில்லை, கம்ப்யூட்டரில்தான் செய்கிறார், பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

டாக்டர் மூன்று மாதம் என்றது பத்து வாரத்தில் முடிந்துவிட்டது. அவள் முகம் கழுவுகிறாள், தடவித் தடவிச் சமைக்கிறாள், சாப்பிடுகிறாள். படத்தோடு பேசுவதில்லை. அவர் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் படத்தின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்கிறாள். அவர் ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறார். துணி உரசும் சத்தம் நிற்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"தொடச்சாச்சா?"

"ஆச்சு."

"நடுவுல அந்தப் பொகை?"

"அப்படியேதான் இருக்கு."

"ம். பாத்து எறங்குங்க."